ஆலையும் தண்டவாளமும்: லங்காஷயர், 1760–1850

1760 வாக்கில் லிவர்பூல் துறையில் வந்திறங்கிய பருத்திப் பொதி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியிருந்த மான்செஸ்டரைச் சேர மெர்சி, இர்வெல் ஆறுகளின் வழியே படகேற வேண்டும். இல்லையேல் சேறு மண்டிய சாலையில் பொதிகுதிரையின் முதுகில் போக வேண்டும். கோடையில் ஆறு வற்றினால் படகு தரைதட்டும். மழைக்காலத்தில் சாலை பாழ்படும். மான்செஸ்டரைச் சேர்ந்த பருத்தி அங்கிருந்து சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டது. பெண்கள் வீட்டில் இராட்டையில் நூற்றார்கள். ஆண்கள் அதே வீட்டின் மறுபுறத்தில் தறியில் நெய்தார்கள். 1850இல் அதே லங்காஷயரில் பருத்தி இரண்டு மணி நேரத்துக்குள் ரயிலில் வந்து சேர்ந்தது. நூற்பும் நெசவும் நீராவியால் ஓடும் ஆலைகளுக்குள் போய்விட்டன. இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில் நடந்ததையே வரலாறு தொழிற்புரட்சி என்கிறது.

பாடநூல்கள் இதை இரண்டு அத்தியாயங்களாகப் பிரிப்பது வழக்கம்: உற்பத்தியில் புரட்சி ஒன்று, போக்குவரத்தில் புரட்சி மற்றொன்று. இந்தச் சொற்பொழிவு அவையோர் முன் வைக்கும் கருத்து, அவ்விரண்டும் ஒரே நிகழ்வு என்பது. ஓரிடத்தில் வேலை விரைவானதும் அதற்கு முந்தைய இடத்திலோ அடுத்த இடத்திலோ தேக்கம் ஏற்பட்டது. அந்தத் தேக்கத்தை உடைக்க வந்த பொறி வேறோரிடத்தில் புதிய தேக்கத்தை உண்டாக்கியது. தேக்கம் சிலவேளை ஆலைக்குள் இருந்தது, சிலவேளை சாலையில் இருந்தது. தீர்வும் ஆலைக்கும் பாதைக்கும் இடையே மாறி மாறி வந்தது. இதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகக் காண்பதே தெளிவு தரும். அதற்கு லங்காஷயரை விடப் பொருத்தமான இடம் இல்லை.

1. நிலக்கரியும் நீர்வழியும்

தொழிற்புரட்சிக்கு முந்தைய உலகின் ஆற்றல் எல்லை குறுகியது. மனிதத் தசை, மாடு, குதிரை, காற்று, ஓடும் நீர், விறகு இவை தவிர வேறில்லை. இரும்பு உருக்க மரக்கரி வேண்டும். மரக்கரிக்குக் காடு வேண்டும். இங்கிலாந்தில் காடு குறைந்துகொண்டே வந்தது. நிலத்துக்கு அடியில் நிலக்கரி ஏராளமாக இருந்தது. ஆனால் அதை எடுப்பதற்கு இரண்டு தடைகள் இருந்தன. சுரங்கம் ஆழமாக ஆழமாக நீர் ஊறி நிரம்பியது. நீரை இறைத்து வெளியே எடுத்த கரியையும் நெடுந்தூரம் கொண்டுபோக முடியவில்லை. கனமான, விலை மலிவான சரக்கு அது. சில மைல் தூரம் வண்டியில் போனாலே கூலி சரக்கின் விலையை விழுங்கிவிடும்.

முதல் தடையை உடைத்தவர் டெவன் பகுதியைச் சேர்ந்த இரும்பு வணிகர் தாமஸ் நியூகோமன். 1712இல் டட்லி கோட்டைக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் அவருடைய நீராவிப் பொறி நீர் இறைக்கத் தொடங்கியது. சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பி, அதில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் நீராவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஒவ்வொரு அடிப்புக்கும் சிலிண்டர் முழுவதையும் சூடாக்கிக் குளிர்வித்ததால், எரித்த கரியின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. சுரங்க வாயிலில் இது குறையாகத் தெரியவில்லை. விற்கத் தகாத பொடிக்கரி அங்கே குவிந்து கிடந்தது.

கார்ன்வாலில் நிலைமை வேறு. அங்கே வெள்ளீயச் சுரங்கங்களும் செப்புச் சுரங்கங்களும் உண்டு, நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். கரி சிக்கனமான பொறிக்கு உண்மையான தேவை அங்கேதான் எழுந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகோமன் பொறியின் மாதிரி ஒன்றைப் பழுதுபார்த்த ஜேம்ஸ் வாட், நீராவியைச் சிலிண்டருக்கு வெளியே தனிக் கலத்தில் குளிர்விக்கும் உத்தியை 1765இல் கண்டார். 1769இல் காப்புரிமை பெற்றார். 1775இல் பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்ட்டனோடு கூட்டுச் சேர்ந்தார். சுரங்க முதலாளிகளிடம் அவர்கள் வாங்கிய உரிமைத்தொகை, மிச்சமான கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. போக்குவரத்துச் செலவு மிகுந்த இடத்தில்தான் வாட்டின் பொறி மிகுதியாக விலைபோயிற்று என்பது இந்தச் சொற்பொழிவின் கருத்துக்கு முதல் சான்று. காப்புரிமைக்கும் கூட்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வாட் பிழைப்புக்காகச் செய்த வேலை கால்வாய்களுக்கு நில அளவை செய்வது.

இரண்டாவது தடையை உடைத்தது கால்வாய். மான்செஸ்டருக்கு மேற்கே வோர்ஸ்லியில் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்கு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. எழுதப் படிக்க அதிகம் அறியாத ஆலைப் பொறி வல்லுநர் ஜேம்ஸ் பிரிண்ட்லியைக் கொண்டு அவர் வெட்டிய கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. பார்ட்டன் என்னும் இடத்தில் இர்வெல் ஆற்றுக்கு மேலே கல்வளைவுகள் கட்டி, அவற்றின் மீது கால்வாயைக் கொண்டுசென்றார்கள். சுரங்கத்தில் ஊறிய நீரே கால்வாய்க்கு நீராயிற்று; படகுகள் சுரங்கத்துக்குள்ளேயே சென்று கரி ஏற்றின. முதுகில் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் சுமக்க முடியாத குதிரை, கரையில் நடந்தபடி முப்பது டன் படகை இழுத்தது. மான்செஸ்டரில் கரியின் விலை பாதியாகக் குறைந்தது. அந்த மலிவான கரி அருகில் இருந்திராவிட்டால், பின்னால் அந்நகரில் நீராவி ஆலைகள் பெருகியிருக்க வழியில்லை.

மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் இதை விரைவில் புரிந்துகொண்டார். சாலையில் குலுங்கிய வண்டியில் அவருடைய பீங்கான் உடைந்தது. ட்ரென்ட்–மெர்சி கால்வாய்க்காக முன்னின்று வாதாடிய அவர், அது போகவிருந்த வழியிலேயே தம் எட்ரூரியா ஆலையைக் கட்டிக்கொண்டார். 1830 வாக்கில் பிரிட்டனில் படகு செல்லத்தக்க நீர்வழிகள் சுமார் 4,000 மைல் இருந்தன.

2. நூலுக்கும் தறிக்கும் நடந்த போட்டி

பருத்தித் துணி இங்கிலாந்தின் மரபுத் தொழில் அன்று. கம்பளிதான் அவர்களுடைய தொழில். பருத்தியின் சுவையை அந்நாட்டுக்குக் காட்டியவை சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோன துணிகள். சாயம் போகாத அச்சுத் துணிகளும் மெல்லிய மஸ்லின்களும் அங்கே பெரிதும் பரவியதால் கம்பளி நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1700இலும் 1721இலும் பாராளுமன்றம் சட்டம் இயற்றி இந்திய அச்சுத் துணிகளைத் தடுத்தது. அந்தத் தடையின் நிழலில்தான் லங்காஷயரின் பருத்தித் தொழில் வளர்ந்தது. திறந்த சந்தையின் வெற்றியாக அதைப் புகழ்வோர் இந்தத் தொடக்கத்தை மறக்கக் கூடாது.

லங்காஷயர் நூலுக்கு அப்போது வலு போதவில்லை. பாவுக்கு ஆளி நார் நூலும் ஊடைக்குப் பருத்தி நூலும் வைத்தே நெய்தார்கள். ஒரு தறிக்கு நூல் கொடுக்க நான்கைந்து பேர் நூற்க வேண்டியிருந்தது. 1733இல் பரி ஊரைச் சேர்ந்த ஜான் கே பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்தார். நெசவாளர் ஒரு கயிற்றைச் சுண்டி இழுத்தால் நாடா தறியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாயும். அகலத் துணிக்கு இருவர் வேண்டிய இடத்தில் ஒருவர் போதும் என்றாயிற்று. நெசவு விரைவானதும் நூல் பஞ்சம் முற்றியது.

அந்தப் பஞ்சத்துக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் மூன்று விடைகள் அடுத்தடுத்து வந்தன. பிளாக்பர்ன் அருகே ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் என்ற நெசவாளர் 1764 வாக்கில் செய்த ஜென்னியில் ஒரே சக்கரத்தைச் சுற்றி எட்டுக் கதிர்களில் நூல் இழுக்கலாம். அது வீட்டுக்குள் அடங்கும் கருவிதான். ஆயினும் அக்கம்பக்கத்தார் 1768இல் அவர் வீட்டில் புகுந்து ஜென்னிகளை உடைத்தார்கள். பிரஸ்டன் ஊரில் பிறந்து சவரத் தொழிலும் பொய்முடித் தொழிலும் செய்த ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769இல் காப்புரிமை பெற்ற நூற்புச் சட்டகத்தில், வெவ்வேறு வேகத்தில் சுழலும் உருளைகளின் இடையே பஞ்சு இழுபட்டு முறுக்கேறி வலுவான நூலாயிற்று. பாவு நூலையும் பருத்தியிலேயே நூற்க முடிந்தது. ஆனால் அந்தச் சட்டகம் கையால் ஓடாது. அதற்கு நீர்ச்சக்கரம் வேண்டும். போல்ட்டன் ஊரின் சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் இரண்டையும் இணைத்து மியூல் என்ற பொறியைச் செய்தார். வங்காள மஸ்லினுக்கு ஈடான மெல்லிய நூல் அதில் வந்தது.

கிராம்ப்டனுக்குக் காப்புரிமை எடுக்கக்கூடப் பணமில்லை. 1811இல் அவர் ஆலை ஆலையாகச் சென்று கணக்கெடுத்தபோது, தாம் கண்ட முறையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் சுழன்றுகொண்டிருந்தன. பாராளுமன்றம் அவருக்குக் கொடுத்தது 5,000 பவுண்டு. அந்த மனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே அதைக் கருத வேண்டும்.

இப்போது தேக்கம் இடம் மாறியது. நூல் குவிந்தது, நெய்ய ஆளில்லை. 1790களில் கைத்தறி நெசவாளர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. போல்ட்டனில் அவர்களுடைய சராசரிக் கூலி 1795இல் வாரம் 33 ஷில்லிங். பாதிரியாரான எட்மண்ட் கார்ட்ரைட் 1785இலேயே விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும், மரச்சட்டத்தில் அமைந்த அந்தத் தறி ஓயாமல் பழுதானது. 1813இல்கூட பிரிட்டனில் இருந்த விசைத்தறிகள் சுமார் 2,400 மட்டுமே. 1822இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் மான்செஸ்டரில் இரும்பாலான தறியைச் செய்தபிறகு கணக்கு மாறியது. 1833இல் விசைத்தறிகள் ஒரு லட்சத்தை எட்டின.

கைத்தறியாளர்கள் ஒரே நாளில் மறையவில்லை, அதுதான் கொடுமை. ஆலைக்குள் போக மறுத்து, தறியை விடவும் மனமில்லாமல், கூலி குறையக் குறைய அதிக நேரம் உழைத்தார்கள். அதே போல்ட்டனில் வாரக் கூலி 1815இல் 14 ஷில்லிங்காக இறங்கி, 1830 வாக்கில் ஐந்தரை ஷில்லிங்காயிற்று. 1820களில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த பருத்திக் கைத்தறியாளர்கள் 1850இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போனார்கள். எண்களாக இதைக் கடந்துவிடுதல் எளிது. ஒரு தலைமுறை முழுவதும் பசியில் தேய்ந்த கதை இது. லங்காஷயர் துணி வந்து குவிந்த வங்காளத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெசவாளர்களுக்கு நேர்ந்ததும் இதே கதை. பிரிட்டன் அங்கிருந்து வரும் துணிக்குக் கடும் சுங்கம் விதித்துக்கொண்டு, தன் துணிக்கு மட்டும் அவர்களுடைய சந்தையைத் திறந்து வைத்தது.

3. ஆலை என்னும் ஏற்பாடு

1771இல் ஆர்க்ரைட் டெர்பிஷயரின் குரோம்ஃபோர்டில் நிறுவிய நூற்பாலை, பொறிகளை ஒரு கூரையின் கீழ் வைத்த கட்டடம் என்பதற்கும் மேலானது. நீர்ச்சக்கரம் சுழலும்போது எல்லா நூற்புச் சட்டகங்களும் ஓடும்; ஆகவே எல்லாத் தொழிலாளரும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும். இரவும் பகலும் முறை வைத்து வேலை நடந்தது. திங்கட்கிழமை ஓய்ந்திருந்து வெள்ளிக்கிழமை விழுந்து விழுந்து நெய்யும் வீட்டு நெசவாளரின் பழைய வாழ்க்கைமுறைக்கு அங்கே இடமில்லை. நேரம் மணியால் அளக்கப்பட்டது. தாமதமாக வந்தவருக்குத் தண்டம் விழுந்தது. ஊரில்லாத பள்ளத்தாக்கில் ஆலை அமைந்ததால் ஆர்க்ரைட் தொழிலாளர் குடியிருப்பையும் கட்டினார்.

நீரை நம்பிய ஆலைக்கு நீர் இருக்கும் இடமே இடம். 1781இல் வாட் பிஸ்டனின் மேல்–கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் பல்லிணைப்பைச் செய்ததும் அந்தக் கட்டு அறுந்தது. கரி எங்கே மலிவோ அங்கே ஆலை வைக்கலாம். மான்செஸ்டரில் கரி மலிவு. அதன் காரணம் முன்பே சொல்லப்பட்டது. 1801இல் ஏறத்தாழ 75,000 பேர் வாழ்ந்த அந்நகரில் 1851இல் மூன்று லட்சம் பேர். பிரிட்டனின் பஞ்சு இறக்குமதி 1760இல் சுமார் 25 லட்சம் பவுண்டு எடை, 1787இல் 2.2 கோடி, 1837இல் 36.6 கோடி. அவ்வளவும் ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு நகரத்தைச் சுற்றிய ஆலைகளுக்கு வந்து, துணியாகத் திரும்பிச் செல்ல வேண்டும்.

ஆலை உழைப்பாளிகளில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அறுந்த நூலை முடியவும், ஓடும் பொறியின் அடியில் விழுந்த பஞ்சைப் பொறுக்கவும் சிறு விரல்கள் வசதியானவை என்று முதலாளிகள் கருதினார்கள். லண்டன் ஏழையர் விடுதிகளிலிருந்து குழந்தைகளை வண்டி வண்டியாக வடக்கே அனுப்பினார்கள். 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் துணி ஆலைகளில் வைக்கக் கூடாது என்றது. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஆய்வாளர் நால்வரை நியமித்தது. 1842இல் வெளிவந்த சுரங்க விசாரணை அறிக்கை நாட்டையே உலுக்கியது. இடுப்பில் பட்டையும் சங்கிலியும் பூட்டி, உயரம் போதாத சுரங்கப் பாதையில் கைகால்களை ஊன்றித் தவழ்ந்து கரித் தொட்டியை இழுத்தவர்கள் சிறுமிகளும் சிறுவர்களும் பெண்களும். நீராவி வண்டிகளின் கரி, தண்டவாளத்துக்கு வருமுன் இப்படித்தான் பயணம் செய்தது. பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது.

4. கருவி செய்யும் கருவி

ஜென்னியும் மியூலும் நீராவிப் பொறியும் புத்தகங்களில் படத்தோடு இடம்பெறுகின்றன. அவற்றைத் துல்லியமாகச் செய்ய உதவிய கருவிகளைப் பற்றிய பேச்சு குறைவு. வாட்டின் பொறி பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்ததற்குக் காரணம், பிஸ்டன் கசியாமல் பொருந்தும்படி சிலிண்டரைக் கடைய எவராலும் முடியாதது. 1774இல் ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழல் துளைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் அவர் அமைத்த கடைசல் எந்திரம் சிலிண்டர் சிக்கலைத் தீர்த்தது.

இரும்பும் கைக்கெட்டியது. 1709இல் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதில் கல்கரியால் இரும்பு உருக்கினார். 1784இல் ஹென்றி கார்ட் வார்ப்பிரும்பை உலையில் கிளறித் தேனிரும்பாக்கும் முறையைக் கண்டார். பிரிட்டனின் வார்ப்பிரும்பு உற்பத்தி 1788இல் 68,000 டன். 1806இல் இரண்டரை லட்சம் டன். 1850இல் இருபது லட்சம் டன்னுக்கு மேல்.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறை இந்தத் துல்லியத்தின் பள்ளிக்கூடமாக விளங்கியது. வெட்டும் உளியைக் கையில் பிடிக்காமல் இரும்புத் தாங்கியில் இறுக்கி, திருகாணி மரையை ஒழுங்காக வெட்டும் லேத்தை அவர் 1800 வாக்கில் செம்மைப்படுத்தினார். மார்க் ப்ரூனல் வடிவமைத்து மாட்ஸ்லே செய்து கொடுத்த 45 எந்திரங்கள் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் பாய்மரக் கப்பிகளைச் செய்தன. தேர்ந்த கைவினைஞர் 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியில்லாத பத்துப் பேர் செய்தார்கள். 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன. எந்திரத் தொடர் உற்பத்தியின் முதல் பெரிய எடுத்துக்காட்டு ஒரு போக்குவரத்துச் சாதனத்தின் உறுப்பைச் செய்வதில் எழுந்தது என்பதை அவையோர் குறித்துக்கொள்ளலாம்.

மாட்ஸ்லேயிடம் வேலை பழகியவர்கள் வடக்கே போனார்கள். விசைத்தறி செய்த ராபர்ட்ஸ் அவர்களில் ஒருவர்; அவருடைய நிறுவனம் பிற்பாடு ரயில் எஞ்சின்களையும் செய்து விற்றது. ஜோசப் விட்வொர்த் 1833இல் மான்செஸ்டரில் பட்டறை வைத்து, 1841இல் எல்லாத் தொழிற்சாலைக்கும் பொதுவான திருகாணி மரை அளவை முன்மொழிந்தார். ஜேம்ஸ் நாஸ்மித் 1836இல் தம் வார்ப்படச் சாலையை அமைத்த பாட்ரிகிராஃப்டில், ஒரு பக்கம் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய், மறுபக்கம் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை. அவருடைய நீராவிச் சம்மட்டியின் முதல் வரைபடம் 1839இல் ஒரு பெரும் நீராவிக் கப்பலின் அச்சைத் தட்டி உருவாக்கும் தேவைக்காக வரையப்பட்டது. தறி செய்தவர்களும் எஞ்சின் செய்தவர்களும் ஒரே பட்டறை மரபிலிருந்து வந்தவர்கள்.

5. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை

1820களில் தேக்கம் மீண்டும் பாதைக்கு வந்தது. கால்வாய் உரிமையாளர்கள் கட்டணத்தை உயர்த்திவைத்தார்கள். உறைபனியில் கால்வாய் இறுகிப்போனால் பொதிகள் கிடங்கில் கிடந்தன. அட்லாண்டிக்கைக் கடந்து வந்த பருத்திக்கு லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வந்து சேரச் சிலவேளை கடல் பயணத்தைவிட அதிக நாள் ஆவதாக வணிகர்கள் முறையிட்டார்கள். ரயில்பாதைக்கு முதல் போட்டவர்கள் அந்த வணிகர்களே.

தண்டவாளத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. சுரங்கத்திலிருந்து ஆற்றுத்துறை வரை மரப் பாதையில் குதிரைகள் கரி வண்டி இழுத்தன. 1804 பிப்ரவரியில் வேல்ஸின் பெனிடேரனில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் உயர் அழுத்த நீராவி வண்டி 10 டன் இரும்பையும் 70 பேரையும் ஒன்பது மைலுக்கு மேல் இழுத்தது. வண்டி ஓடியது, அதன் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புப் பாதை உடைந்தது. 1820இல் ஜான் பர்க்கின்ஷா தேனிரும்பை உருட்டி நீண்ட தண்டவாளம் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றபிறகே பாதை எஞ்சினுக்கு ஈடுகொடுத்தது. 1825இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை திறக்கப்பட்டது. அதில் பயணிகளைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் குதிரைகளே இழுத்தன.

லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையை அமைத்தவர் ஜார்ஜ் ஸ்டீவன்சன், நிலக்கரிச் சுரங்கத்தில் எஞ்சின் பார்த்து வளர்ந்தவர். வழியில் சாட் மாஸ் என்னும் சதுப்பு நிலம். கொட்டிய மண்ணையெல்லாம் விழுங்கியது. சுள்ளியையும் புதர்களையும் பின்னிப் பரப்பி, அவற்றின் மேல் பாதையை மிதக்கவிட்டார்கள். லிவர்பூலின் ஆலிவ் மவுண்டில் பாறையை ஆழ வெட்டினார்கள். சாங்கி பள்ளத்தாக்கில் ஒன்பது வளைவுப் பாலம், கீழே போன கால்வாய்க்கு மேலாக எழுந்தது.

பெட்டிகளை இழுப்பது ஓடும் எஞ்சினா, நிலையான பொறியின் கயிறா என்ற வழக்கைத் தீர்க்க 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்னும் இடத்தில் 500 பவுண்டு பரிசுப் போட்டி நடந்தது. முறைப்படி முடித்து வென்ற ஒரே வண்டி, ஸ்டீவன்சனும் மகன் ராபர்ட்டும் செய்த ராக்கெட். அதன் வெற்றிக்குக் காரணம் கொதிகலன். ஒற்றைக் குழாய்க்குப் பதிலாக 25 செப்புக் குழாய்கள் நீரின் ஊடே வெப்பக் காற்றைக் கொண்டுசென்றன. வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே பாய்ந்து அடுப்புக்குக் காற்றை இழுத்தது. மணிக்கு 29 மைல் வரை அது ஓடியது. அந்நாள் வரை நிலத்தில் மனிதன் நெடுந்தூரம் போன வேகத்தின் உச்சவரம்பைக் குதிரையே வகுத்திருந்தது.

1830 செப்டம்பர் 15 அன்று பாதை திறக்கப்பட்டது. லிவர்பூலின் பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் அன்றே ராக்கெட்டில் அடிபட்டு இறந்தார். சரக்குக்காகத் திட்டமிட்ட பாதையில் மக்கள் திரண்டு ஏறினார்கள்; முதல் முழு ஆண்டில் பயணம் செய்தோர் நான்கு லட்சத்துக்கு மேல். கோச்சு வண்டியில் நான்கரை மணி நேரம் பிடித்த வழி இரண்டு மணிக்குள் அடங்கியது. 1850க்குள் பிரிட்டனில் 6,000 மைல் பாதை ஓடியது.

அதன் விளைவு ஆலைக்கே திரும்பியது. தண்டவாளமும் எஞ்சினும் பாலமும் இரும்பைத் தின்றன. இரும்புக்குக் கரி வேண்டும். கரியை ரயில் கொண்டுவந்தது. பொருள் விரைவாக வந்ததால் கிடங்கில் முடங்கிய முதல் குறைந்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு ஒரு ரயிலாவது மைலுக்கு ஒரு பென்னிக் கட்டணத்தில், கூரையுள்ள பெட்டியோடு ஓட வேண்டும் என்றது. வேலை தேடி ஊர் மாறும் ஏழைக்கு அது வழி திறந்தது. ஊருக்கு ஒரு கடிகாரம் இருந்த நாட்டில் 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே லண்டன் நேரத்தைக் கைக்கொண்டது. 1847 முதல் பெரும்பாலான பாதைகள் கிரீனிச் நேரத்துக்கு மாறின. குரோம்ஃபோர்டு ஆலை மணி ஓர் ஊரைக் கட்டிய வகையில், ரயில் அட்டவணை ஒரு நாட்டைக் கட்டியது.

6. பாதை கடல் கடந்தபோது

லங்காஷயரின் பஞ்சு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. 1793இல் அமெரிக்காவில் எலை விட்னி செய்த ஜின் பொறி, கையால் நாளுக்கு ஒரு பவுண்டு பஞ்சில் விதை நீக்கிய இடத்தில் ஐம்பது பவுண்டு நீக்கியது. தென் மாநிலங்களில் பருத்தி பரவியது. அதோடு அடிமை முறையும் பெருகியது. 1790இல் அமெரிக்காவில் ஏறத்தாழ ஏழு லட்சம் அடிமைகள். 1860இல் நாற்பது லட்சம். மான்செஸ்டர் ஆலைகளின் விரைவு மிசிசிப்பிக் கரைத் தோட்டங்களின் சாட்டையோடு பிணைந்திருந்தது. உள்நாட்டுப் போரில் அமெரிக்கப் பருத்தி நின்றதும் 1861 முதல் 1865 வரை லங்காஷயரில் ஆலைகள் மூடின. லட்சக்கணக்கானோர் நிவாரணத்தை நம்பினார்கள். இந்தியப் பருத்திக்கு அப்போது விலை எகிறியது.

இந்திய ரயில்பாதைக்கு லங்காஷயர் முதலாளிகள் அதற்கு முன்பே குரல் கொடுத்ததன் காரணம் இங்கே தெரிகிறது: உள்நாட்டுப் பருத்தி துறைமுகத்துக்கு வர வேண்டும், மான்செஸ்டர் துணி உள்நாட்டுக்குப் போக வேண்டும். 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ரயில் ஓடியது. தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு சென்றது. ரயில் கம்பெனிகளின் முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானத்தை அரசு உறுதி செய்தது. குறைந்த தொகையை இந்திய வரிப்பணம் நிரப்பியது. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் மடிந்துகொண்டிருந்தபோது, பஞ்சப் பகுதிகளுக்குத் தானியம் கொண்டுவந்த ரயில், விலை அதிகமான இடங்களுக்குத் தானியத்தை வெளியே கொண்டுபோகவும் செய்தது. வாங்கக் காசு இல்லாதவனுக்குப் பாதை மட்டும் சோறு போடாது.

தமிழ்நாட்டில் ஆலைகளும் எழுந்தன. 1885இல் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு ஹார்வி நிறுவனம் நூற்பாலை நடத்தியது. குரோம்ஃபோர்டு முறை நூற்றாண்டுக்குப் பின் பொதிகை அடிவாரத்தில் வந்து சேர்ந்தது. 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பல்கின. ஆனால் பிரிட்டனில் நடந்த கொடுக்கல் வாங்கலின் ஒரு பாதி இங்கே இல்லை. அங்கே ரயில்பாதை இரும்பு உலைகளையும் எஞ்சின் பட்டறைகளையும் வளர்த்தது. இங்கே தண்டவாளமும் எஞ்சினும் கப்பலில் வந்தன. பெரம்பூர் போன்ற பணிமனைகள் பெரும்பாலும் பழுதுபார்ப்பதோடும் பெட்டி கட்டுவதோடும் நின்றன. 1865 முதல் 1941 வரை பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த எஞ்சின்கள் சுமார் 12,000. இந்தியப் பணிமனைகளில் செய்தவை சுமார் 700. செய்யும் திறமை இல்லாமல் இந்நிலை வரவில்லை. ஆணை எங்கே கொடுக்கப்பட்டதோ அங்கே தொழில் வளர்ந்தது. விடுதலைக்குப் பின் 1950இல் சித்தரஞ்சனில் எஞ்சின் உற்பத்தி தொடங்கியது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. இராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டு அப்போது 99 ஆண்டுகள் ஆகியிருந்தன.